வானத்தின் மேல் பழி

விடிய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. ஏழாம் நிறுத்தத்தில் விமானத்தின் வயிற்றுக் கதவு திறந்து கிடக்க, அதன் கீழே ஐந்து பேர் முதுகு ஒடிய வேலை செய்துகொண்டிருந்தார்கள். தள்ளுவண்டியிலிருந்து பெட்டிகள் பெல்ட்டுக்கு ஏறின. சக்கர வண்டியின் மேல் சாய்வாக ஓடும் அந்த ரப்பர்ப் பட்டை அவற்றை மேலே கொண்டுபோய்த் தள்ளியது. உள்ளே முழங்காலால் நகர்ந்து அடுக்குகிறவனுக்குத் தலை நிமிர இடமில்லை. நூற்று எண்பது பெட்டி, நாற்பது நிமிடம். போன வருடம்வரை இதை எட்டுப் பேர் செய்தார்கள். மூன்று பேரை வீட்டுக்கு அனுப்பிய ஒப்பந்தக் கம்பெனி, நாற்பது நிமிடத்தை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டது. எரிபொருள் நெடி தொண்டையில் ஒட்டியது. காதடைப்பையும் மீறி இரைச்சல் பல்லில் இறங்கியது.

அவர்களுக்கு நடுவே, கக்கத்தில் அட்டையும் காதோரம் பேனாவுமாக ஓடிக்கொண்டிருந்தவள் ஷீட்டக்கா. ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு ஷீட். எப்போது வந்தது, எப்போது பெட்டி ஏறியது, எப்போது கிளம்பியது எல்லாம் அதில் வர வேண்டும். அடியில், ‘புறப்படவில்லை எனில் காரணம்’ என்று நாலு கட்டம்: வானிலை, விமான நிலையம், பாதுகாப்பு, கம்பெனி. அதற்கும் கீழே அவள் கையெழுத்து. பதினோரு வருடமாக இந்த ஷீட்டும் கையுமாகத் திரிந்ததால் அவள் எல்லோருக்கும் ஷீட்டக்கா.

மூன்று பேர் போன பிறகு சக்கரத்துக்குக் கட்டை வைப்பதும் அவள் தலையில் விழுந்தது. விமானம் வந்து நின்றதும் சக்கரத்தின் இரண்டு பக்கமும் கனத்த ரப்பர்க் கட்டைகளைச் செருக வேண்டும். கிளம்பும்போது எடுக்க வேண்டும். கிரீஸ் அப்பிய கையோடு ஷீட் ஷீட்டாகக் கையெழுத்துப் போட நேரம் ஏது? அதனால் அவள் ஒரு சுருக்கு வழி கண்டுபிடித்தாள். ஷிப்ட் தொடங்கும்போதே எட்டு ஷீட்டிலும் கையெழுத்தைப் போட்டு மேனேஜர் மேசையில் வைத்துவிடுவாள். நேரங்களை ரேடியோவில் சொன்னால் போதும், அவர்கள் நிரப்பிக்கொள்வார்கள். மற்ற ஷிப்ட்காரர்களுக்கும் அவளே இதைச் சொல்லிக்கொடுத்தாள். மேனேஜர் ரொம்பவும் மெச்சினார். அவர் மெச்சியபோதே அவளுக்கு உறைத்திருக்க வேண்டும்.

அன்றும் எட்டுக் காலி ஷீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் தரைக்கு இறங்கியிருந்தாள்.

நாலரை மணிக்கு மூடுபனி இறங்கியது. பனியை அளக்க மேலே கோபுரத்தில் கருவி இருக்கிறது. தரையில் இருப்பவர்களுக்கு ஓடுபாதைக்கு அப்பால் நிற்கும் தண்ணீர்த் தொட்டியின் சிவப்பு விளக்குதான் கருவி. அது மறைந்தால் பனி, தெரிந்தால் தெளிவு.

"விளக்கு போயிடுச்சு. மேனேஜர் வாயெல்லாம் பல்லா இருக்கும்" என்றான் பெல்ட் ஓட்டும் நெட்டை. ஆறடிக்கு மேல் வளர்ந்துவிட்டு விமானத்தின் வயிற்றுக்குக் கீழேயே குனிந்து பிழைக்கிறவன். "நம்ம வானத்தை மாதிரி பாவப்பட்ட வானம் எங்கேயும் கிடையாதுக்கா. டயர் தேஞ்சாலும் பழி அதுக்கு, ஆள் பத்தலைன்னாலும் பழி அதுக்கு. வாய் இருந்தா அதுவே கேஸ் போட்டிருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். பயணிகள் கூடத்தில் விமானக் கம்பெனியின் பெரிய பலகை ஒன்று உண்டு: ‘எங்கள் தவறால் ரத்தாகும் விமானம் நூற்றில் அரைகூட இல்லை’. வானிலையால் ரத்தானது அந்தக் கணக்கில் வராது. ஆகவே அந்த விமான நிலையத்தில் வருடம் முழுக்க வானிலை மோசமாகவே இருந்தது.

"வேலையை நிறுத்தலாமா சார்?" என்று ஷீட்டக்கா ரேடியோவில் கேட்டாள்.

"நிறுத்துறதா? ஏத்திக்கிட்டே இரும்மா. தெளிஞ்சதும் முதல்ல நம்மதுதான் போகணும்" என்றது மேனேஜர் குரல்.

ஐந்து பத்துக்குச் சிவப்பு விளக்கு மங்கலாகத் தெரிந்தது. ஐந்து இருபதுக்குள் பளிச்சென்று எரிந்தது. பக்கத்து நிறுத்தங்களில் இருந்தவை ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பத் தொடங்கின. ஐந்து முப்பத்தைந்துக்கு ஒரு விமானம் ஓடுபாதையில் இரைந்தபடி எழும்பியது. தற்செயலாகத் திரும்பிய ஷீட்டக்கா, நெட்டையின் வாய் அகலத் திறந்திருப்பதைப் பார்த்தாள். சிரிக்கிறானோ என்று நினைத்தாள். சத்தமே கேட்கவில்லை. பிறகுதான் அவன் வலது கை எங்கே இருக்கிறது என்று கண்டாள்.

பெல்ட்டின் அடி உருளைக்கு மேல் ஒரு தகடு இருக்க வேண்டும். இரண்டு மாதமாக இல்லை. உருளைக்குள் கையுறை போய், கையுறையோடு கை மணிக்கட்டுவரை போயிருந்தது. எப்படியோ பாய்ந்து சிவப்புப் பொத்தானை அடித்தாள். நிற்கவில்லை. அதை இரண்டு தடவை அடித்தால்தான் நிற்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த நேரத்தில் அவளுக்கு மறந்துவிட்டது. மறுபடி அடித்தாள். பெல்ட் நின்றபோது அந்த விமானம் வெகுதூரம் போயிருந்தது, நெட்டையின் அலறல் முழுசாகக் கேட்டது.

உருளையைக் கழற்றிக் கையை எடுக்க முக்கால் மணி நேரமானது. அதற்குள் விமானிகளின் வேலை நேரம் முடிந்துவிட, அந்த விமானம் ரத்தானது.

*

மூன்றாம் நாள் நெட்டையின் மனைவி வந்தாள். அவளும் அங்கேதான் வேலை. பயணிகள் இறங்கிய பிறகு உள்ளே போய் இருக்கைகளைத் துடைக்கிறவள். உடை மாற்றும் அறையில் ஷீட்டக்காவை ஓரமாக அழைத்துப் போய் செல்போனில் ஒரு படத்தைக் காட்டினாள். ஆஸ்பத்திரிக்குக் கம்பெனி அனுப்பிய தாளின் படம் அது.

ஷீட்டக்கா படித்தாள். ‘காரணம்: வானிலை. மூடுபனியால் 5.10 மணிக்குப் பணி நிறுத்தப்பட்டு ஊழியர்கள் திருப்பி அனுப்பப்பட்டனர். விமானம் ரத்து.’ கீழே நீல மையில், கடைசி எழுத்துக்கு ஒரு வால் நீட்டி, அவள் கையெழுத்து.

"நீங்க எழுதுனதா அக்கா?"

"நான் எழுதலை." அவள் அந்த வாலின் மேல் விரலை வைத்தாள். "கையெழுத்து என்னோடது."

நெட்டையின் மனைவி கத்துவாள் என்று ஷீட்டக்கா எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் தேவலை. அவள் தாழ்ந்த குரலில், படித்து ஒப்பிப்பதுபோல் சொன்னாள். "அஞ்சு பத்துக்கு வேலை நின்னுடுச்சுன்னா, அஞ்சு முப்பத்தஞ்சுக்கு இவருக்கு அங்கே என்ன வேலைன்னு கேக்கறாங்க. சொந்த இஷ்டத்துக்கு மெஷின்ல கையை விட்டாராம். வலது கை அக்கா. மூணு விரலை இன்னும் காப்பாத்தலாம்னு டாக்டர் சொல்றார். அடுத்த புதனுக்குள்ள இன்னொரு ஆபரேஷன் ஆகணும். வேலையில அடிபட்டதுன்னு கம்பெனி எழுதிக் குடுத்தா அங்கேயே செய்வாங்க. இல்லைன்னா கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லிட்டாங்க. எங்கே கூட்டிட்டுப் போவேன்?"

நெட்டையின் விரலை உருளை பாதி தின்றது. மீதியைத் தின்னத் தன் கையெழுத்து காத்திருக்கிறது என்று ஷீட்டக்காவுக்குத் தோன்றியது. அவள் நேரே மேனேஜர் அறைக்கு நடந்தாள்.

*

மேனேஜர் அறையில் ஏசி உறுமிக்கொண்டிருந்தது. அவர் கெட்ட மனிதர் மாதிரிப் பேசவில்லை. கெட்ட மனிதர் மாதிரிப் பேசியிருந்தால் அவளுக்குப் பதில் சொல்ல வந்திருக்கும்.

"உட்காரும்மா. நெட்டை எப்படி இருக்கான்?"

"விரல் போயிடும் போல இருக்கு சார். அந்த ஷீட்டை மாத்திக் குடுங்க. அஞ்சு பத்துக்கு வேலை நிக்கவே இல்லை. நீங்கதான் ஏத்தச் சொன்னீங்க."

"ரேடியோவுல பேசுனதுக்கு என்ன அத்தாட்சி இருக்கு?" அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இங்கே பாரு. இந்த மாசம் கம்பெனி கட்டத்துல ஏற்கெனவே ரெண்டு விழுந்துடுச்சு. மூணாவது விழுந்தா விமானக் கம்பெனி நம்ம ஒப்பந்தத்தையே ரத்து பண்ணிடும். நூத்தி நாப்பது குடும்பம்மா. ஒருத்தன் கையைப் பார்க்கறதா, நூத்தி நாப்பது வாயைப் பார்க்கறதா?"

"தகடு இல்லைன்னு மூணு தடவை எழுதிக் குடுத்தோமே சார்."

"எழுதிக் குடுத்தது யாரு? நீ. காலி ஷீட்ல கையெழுத்துப் போட்டது யாரு? அதுவும் நீதான்." குரல் உயரவே இல்லை. "காலித் தாள்ல கையெழுத்துப் போட்டேன்னு நீயே எழுதிக் குடு. உடனே ஷீட்டை மாத்தறேன். ஆனா அது பொய் ஆவணம். அன்னைக்கே உன் பாஸைப் பிடுங்க வேண்டி வரும். பாஸ் போச்சுன்னா இந்த விமான நிலையத்துல எந்தக் கம்பெனியும் உன்னை வாசல்ல நிறுத்தாது. தெரியும்ல?"

தெரியும். அவள் கை தன்னையறியாமல் கழுத்தில் தொங்கிய பாஸைப் பிடித்துக்கொண்டது. அதை அவர் பார்த்துவிட்டார் என்பதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட அவமானமாக இருந்தது.

"போய் வேலையைப் பாரும்மா" என்றார்.

*

வீட்டில் ஒரு கட்டில்தான். அதில் இரவில் அவளும் மகளும், பகலில் அவள் கணவனும் முறை வைத்துத் தூங்குவார்கள். அவனுக்குக் கிடங்கு ஒன்றில் இராக் காவல். அன்று மத்தியானம் அவள் பாத்திரத்தை வைத்த சத்தத்தில் எழுந்து உட்கார்ந்தான்.

"முகம் ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

சொன்னாள். அவன் முழுக்கக் கேட்டுவிட்டுத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "எனக்குப் பயமா இருக்கு" என்றான் கடைசியில். "போகாதேன்னு சொல்ல வாய் வரலை. போன்னு சொல்லவும் வரலை."

"எனக்கு மட்டும் என்ன, தைரியம் பொங்குதா? மேனேஜர் எதிர்ல பாஸைப் பிடிச்சுக்கிட்டு வந்துட்டேன்."

பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் பையிலிருந்து ஒரு தாளை உருவி நீட்டினாள். "அம்மா, இதுல ஒரு கையெழுத்து மட்டும் போடு. மேலே எல்லாம் நான் அப்புறம் நிரப்பிக்கிறேன்."

பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கான சம்மதத் தாள். ஷீட்டக்கா பேனாவைத் திறந்தாள். திறந்த பேனா தாளுக்கு மேலே அப்படியே நின்றுவிட்டது.

"முதல்ல நிரப்பிட்டு வா."

"எப்பவும் போடுவியே?"

"நிரப்பிட்டு வான்னா வா!"

குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. மகள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக நிரப்பினாள். ஷீட்டக்கா அதை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தாள். அப்புறம்தான் கையெழுத்துப் போட்டாள்.

*

மறுநாள் ஷிப்ட் முடிந்ததும் உடை மாற்றும் அறையில் அவள் எல்லாவற்றையும் போட்டு உடைத்தாள். நாற்பது பேர் இருப்பார்கள். பூட்ஸ் வாடையும் ஈரத் துண்டுகளுமாக மூச்சு முட்டியது. யாராவது போய் மேனேஜரிடம் பற்றவைத்துவிடுவார்கள் என்ற பயத்தில் அவள் கதவைப் பார்த்துப் பார்த்துப் பேசினாள்.

"தப்பு என்னோடது. இந்தச் சுருக்கு வழியைக் கண்டுபிடிச்சவ நான். நான் எழுதிக் குடுத்துடறேன். பாஸ் போனா போகட்டும்."

அப்புறம் காதுக்காரர் தொண்டையைக் கனைத்தார். விமானத்தின் மூக்குக்கு எதிரே நின்று, காதில் மாட்டிய கருவி வழியாக விமானியோடு பேசுகிற வேலை அவருக்கு. தரையில் விமானி நம்புவது இவர் ஒருவரைத்தான்.

"நீ ஒருத்தி போய் எழுதிக் குடுத்தா என்ன ஆகும்? உன் பாஸும் போகும், அவன் விரலும் போகும். பொய்க் கையெழுத்துக்காரி சொன்னதை எப்படி நம்பறதுன்னு கேப்பாங்க." அவர் சுற்றிலும் பார்த்தார். "காலி ஷீட்ல கையெழுத்துப் போடாத ஷீட்காரங்க இங்கே யாராவது இருக்கீங்களா? கையைத் தூக்குங்க, பார்க்கலாம்."

ஒரு கையும் எழும்பவில்லை. நாலு ஷிப்டுக்கும் சேர்த்து ஆறு ஷீட்காரர்கள் இருந்தார்கள். ஆறு பேருமே தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"அப்போ ஆறு பேரும் எழுதிக் குடுங்க. நாலு கட்டத்துல எதையும் நாங்க நிரப்பலைன்னு எழுதுங்க. பெல்ட்டுல நின்னவங்க அவன் வேலையிலதான் இருந்தான்னு எழுதட்டும். பாஸைப் பிடுங்கணும்னா எல்லார் பாஸையும் பிடுங்கட்டும். அப்புறம் பெட்டியை மேனேஜரா ஏத்துவாரு?"

சிரிப்பு வந்தது, பயத்தில் வந்த சிரிப்பு. அன்றைக்கே எழுதினார்கள். முப்பத்தேழு கையெழுத்து விழுந்தது. மூன்று பேர் பூட்ஸ் கயிற்றைக் கட்டுவதுபோல் குனிந்தே இருந்துவிட்டுப் போனார்கள். யாரும் அவர்களை ஏசவில்லை.

மேனேஜர் கடிதத்தை வாங்கினார், இழுப்பறையைத் திறந்தார், உள்ளே வைத்து மூடினார். "பார்க்கறேன்" என்றார். இரண்டு நாள் பார்த்தார். இழுப்பறை திறக்கவே இல்லை.

"வேற வழி இல்லை" என்றார் காதுக்காரர். "ஒரு காலையில கட்டையை எடுக்காம நிக்கணும். விபத்தை எழுதிக் கையில குடுக்கறவரைக்கும் ஒரு சக்கரமும் உருளக் கூடாது."

அந்த வார்த்தை வெளியே வந்ததும் அறையில் இருந்த ஒவ்வொருவர் முகத்திலும் ரத்தம் வற்றியது. ஒருவன் கேட்டான்: "பயணிங்க நம்மளைத்தானே திட்டுவாங்க?"

"திட்டத்தான் செய்வாங்க" என்றாள் நெட்டையின் மனைவி. "ஆனா அவங்களை உள்ளே ஏத்தறதுக்கு முன்னாடியே நிறுத்திடணும். அடைச்சு உட்கார வெச்சுடாதீங்க. குழந்தைங்க இருக்கும்." சற்று நிறுத்தினாள். "இன்னொண்ணு இருக்கு. பனி நாள்ல நிறுத்துனீங்கன்னா பிரயோஜனமே இல்லை. அதையும் பனின்னு எழுதிடுவாங்க. நாம நின்னதே யாருக்கும் தெரியாது."

யாரும் அதை யோசித்திருக்கவில்லை. நெட்டையின் கையை மறைத்த அதே பனி, அவர்கள் எல்லோரையும் மறைத்துவிடும். வானம் துடைத்து வைத்ததுபோல் இருக்கிற ஒரு காலை வேண்டும்.

*

சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் பனி. நாலு மணிக்கே இறங்கி எட்டு மணிவரை நகரவில்லை. வாழ்க்கையில் இதுவரை வானத்தை இப்படி யாரும் திட்டியிருக்க மாட்டார்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சிவப்பு விளக்கைத் தேடினார்கள். அது தெரியாத ஒவ்வொரு காலையும் ஷீட்டக்காவுக்கு இரண்டு விதமாக இருந்தது. நெட்டையின் நாள் குறைகிறதே என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். இன்றைக்குக் கையைத் தூக்க வேண்டாம் என்று ஒரு மூச்சும் தளரும். அந்தத் தளர்ந்த மூச்சுக்காக அவள் தன்னை வெறுத்தாள்.

திங்கட்கிழமை மேனேஜர் அவளிடம் காலி ஷீட்டுகளை நீட்டினார். "வழக்கம்போல போட்டுக் குடுத்துடும்மா."

"வேலை முடிஞ்சப்புறம் போடறேன் சார்."

அவர் புருவத்தைத் தூக்கினார். ஷீட்டுகளை அட்டையில் செருகிக்கொண்டு அவள் விறுவிறுவென்று நடந்தாள். திரும்பிப் பார்த்தால் நின்றுவிடுவோம் என்று தெரியும்.

செவ்வாய்க்கிழமை. ஆபரேஷனுக்கு மறுநாள்தான் கடைசி நாள். நாலரை மணிக்கு மறுபடியும் பனி. ஏழாம் நிறுத்தத்தில் அதே விமானம். புது பெல்ட், அதில் பளபளவென்று புதுத் தகடு. தகடு மாட்டத் தெரிந்தவர்களுக்கு ஒரு கை தேவைப்பட்டிருக்கிறது. பெட்டிகள் ஏறிக்கொண்டே இருந்தன. எரிபொருள் ஊற்றி முடிந்தது. பெட்டி ஏற்றி முடிந்தது. பயணிகளின் பேருந்து கூடத்து வாசலில் வந்து நின்றது. ஓடுபாதைப் பக்கம் வெறும் வெள்ளை.

ஷீட்டக்கா விமானத்தின் மூக்குக்கு முன்னால் நின்றாள். கால் கட்டைவிரல்கள் பூட்சுக்குள் சில்லிட்டிருந்தன. பாஸ் நெஞ்சில் இடித்துக்கொண்டிருந்தது. இது என் கழுத்தில் தொங்கும் கடைசி நாளா என்று நினைத்தாள். மகளின் சுற்றுலாத் தாள் நினைவுக்கு வந்தது. கட்டிலின் ஓரத்தில் குனிந்து உட்கார்ந்திருந்த கணவன் நினைவுக்கு வந்தான். ‘பனி விலகாமலே இருந்துவிடட்டும்’ என்று உள்ளே ஒரு குரல் கெஞ்சியது. ‘சீ, வாயை மூடு’ என்றாள் அதனிடம்.

பன்னிரண்டு நிமிடம் போயிருக்கும். பக்கத்தில் காதுக்காரர் முணுமுணுத்தார்: "அங்கே பாரு."

வெள்ளைக்குள் சின்னதாக ஒரு சிவப்பு. மறைந்தது. மறுபடி தெரிந்தது. காற்று அடிக்க அடிக்கத் தண்ணீர்த் தொட்டியின் தலை வந்தது, கழுத்து வந்தது, கடைசியில் முழுத் தொட்டியும் நின்றது. அதற்குப் பின்னால் கிழக்கு ஒரு பொட்டு மேகம் இல்லாமல் வெளுத்தது.

மேலே விமானி கண்ணாடி வழியாகக் கட்டைவிரலை உயர்த்தினார்: தயாராகலாமா?

தரையில் எல்லாப் பேச்சும் கையால்தான். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, முஷ்டி மூடி, கட்டைவிரல்களை வெளிப்பக்கம் நீட்டினால் கட்டை எடுத்தாச்சு என்று அர்த்தம். ஒன்றையொன்று பார்க்க உள்பக்கம் நீட்டினால் கட்டை போட்டிருக்கிறது, நகராதே என்று அர்த்தம். பதினோரு வருடத்தில் எத்தனை ஆயிரம் தடவை தூக்கிய கை. இன்று எழும்ப மாட்டேன் என்றது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, கனத்த பெட்டியைத் தூக்குவதுபோல், கையைத் தலைக்கு மேல் தூக்கினாள். கட்டைவிரல்கள் உள்பக்கம் திரும்பின.

விமானி நெற்றியைச் சுருக்கினார். காதுக்காரர் கருவியில் சொன்னார்: "கட்டையை எடுக்க முடியாது கேப்டன். பயணிங்களை ஏத்த வேண்டாம்னு சொல்லுங்க. எங்க ஆளுக்கு இங்கே நடந்த விபத்தை எழுதிக் குடுக்கணும். அதுவரைக்கும் நிக்கறோம்." பிறகு விமானி என்ன சொன்னாரோ, காதுக்காரர் தலையாட்டினார். "சரி, காத்திருக்கேன்னு சொல்றாரு."

ஷீட்டக்கா பக்கவாட்டில் பார்க்கப் பயந்தாள். தான் மட்டும் தனியாக நிற்கிறோமோ? மெதுவாகத் தலையைத் திருப்பினாள். எட்டாம் நிறுத்தத்தில் இரண்டு கைகள் உயர்ந்திருந்தன. ஒன்பதிலும் உயர்ந்திருந்தன. கடிதத்தில் கையெழுத்துப் போடாமல் குனிந்தே இருந்த மூவரில் ஒருவன் அங்கே நின்றான். பத்தும் பதினொன்றும் வேறு கம்பெனியின் நிறுத்தங்கள். அவர்களிடம் யாரும் கேட்கக்கூட இல்லை. பத்தாம் நிறுத்தத்தின் ஆள் அவள் பார்ப்பதைப் பார்த்தார். கையிலிருந்த கட்டையைக் கொண்டுபோய் எடுத்த இடத்திலேயே செருகிவிட்டு, நிதானமாகக் கைகளைத் தலைக்கு மேல் தூக்கினார்.

அவள் பயம் போய்விடவில்லை. ஆனால் அந்தப் பயத்துக்குள் அவளோடு இன்னும் நிறையப் பேர் இருந்தார்கள்.

ஜீப் சீறிக்கொண்டு வந்து நின்றது. மேனேஜர் குதித்து இறங்கினார். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது.

"என்ன கூத்து இது? யார் சொல்லி நிக்கறீங்க? ஒவ்வொருத்தர் பாஸையும் கழட்டி வாங்கிடுவேன்!"

"கழட்டுங்க சார். எங்கேயிருந்து ஆரம்பிக்கறீங்க?" என்றார் காதுக்காரர். பெல்ட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து அவருக்குப் பின்னால் நின்றார்கள். விமானத்துக்குள்ளிருந்து துடைப்புத் துணியும் கையுமாக நெட்டையின் மனைவி படியிறங்கி வந்தாள்.

மேனேஜர் ஷீட்டக்காவின் பக்கம் திரும்பினார். "குடும்மா அந்த ஷீட்டை. விமானக் கம்பெனி லைன்ல காத்துக்கிட்டிருக்கு. பத்து நிமிஷத்துல காரணம் சொல்லணும்."

அவள் அட்டையை நீட்டவில்லை. அதில் இருந்த ஷீட்டில் கையெழுத்து இல்லை என்பதை அவர் அப்போதுதான் கவனித்தார். அவர் கண்கள் அனிச்சையாக மேலே போயின. வானம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்வரை சுத்தமாக இருந்தது. கூடத்தின் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான பயணிகள் அதே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னன்னு எழுதறது?" என்றார் அவர். முதல் தடவையாக அவர் குரலிலும் பயம் கேட்டது.

"இன்னைக்குக் காரணத்தை நான் எழுதறேன் சார்" என்றாள் ஷீட்டக்கா. "முதல்ல காரணம். கையெழுத்து அப்புறம்தான்."

காதோரத்திலிருந்து பேனாவை எடுத்தாள். அட்டை ஆடியதில் பேனா முனை தாளில் நிற்காமல் வழுக்கியது. ஒரு பக்கம் காதுக்காரர் அட்டையைப் பிடித்தார். மறுபக்கம், சோப்பு ஈரம் காயாத கையால் நெட்டையின் மனைவி பிடித்தாள். அட்டை அசையாமல் நின்றது. வானிலை என்ற கட்டத்தைத் தாண்டி, இதுவரை ஒரு தடவைகூடத் தன் கையால் தொட்டிராத ‘கம்பெனி’ என்ற நாலாவது கட்டத்துக்குப் போய், ஷீட்டக்கா எழுதத் தொடங்கினாள்: ‘போன வாரம் திங்கட்கிழமை, காலை ஐந்து முப்பத்தைந்து. மூடுபனி இல்லை. பெல்ட்டின் தகடு இல்லை. எங்கள் ஆள் வேலையில் இருந்தான்.’